மாசானத்தின் சாவிக்கொத்து

"வலிப்புக்கு எந்த இரும்பு டீச்சர் நல்லது? சாவியா, அரிவாளா?"

மாசானம் இப்படிக் கேட்டதும் முதலுதவி வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி ஆலைக் காவல்காரர். இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்சாதி பேச்சியம்மாளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அவளுக்காகத்தான் மனுஷன் இந்த வயதில் வகுப்புக்கே வந்தார், பாவம்.

பாடம் நடத்துகிற நர்ஸ் தஸ்லீமாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவள் சிரிக்காமல் கேட்டாள்:

"இரும்பு கொடுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"கொடுக்காட்டி?"

மாசானம் யோசித்தார்.

"கொடுக்காம இருந்ததே இல்லையே!"

பேச்சியம்மாளின் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பழைய தழும்பு, சாவிப் பல்லின் அச்சு.

"பாத்தியளா? விரலை நெம்பித் திறந்து, உள்ள வச்சு அமுக்கிருவேன்."

"மதினி மாத்திரை போடுறாங்களா?"

"அதை அவ பாட்டுக்குப் போடுதா. இரும்பைச் சொல்லுங்க."

தஸ்லீமா பாடத்துக்குத் திரும்பினாள். இவரும் விடுகிற ஆளா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அரிவாள்தான் நல்லது போல என்று பேசிக்கொண்டே போனார்.

மறுவாரம், வகுப்பு நடுவில் பேச்சியம்மாள் விறைத்துக் கீழே சாய்ந்தாள். கைகால் உதறியது.

"ஐயோ, சாவி!" மாசானம் கொத்தை உருவிக்கொண்டு பாய்ந்தார்.

"சாவியை நீங்க பிடிங்க அண்ணாச்சி! ரெண்டு கையாலயும்! விட்டுறாதீங்க!"

தஸ்லீமாவின் அதட்டலில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

தஸ்லீமா நாற்காலிகளைத் தள்ளிவிட்டாள். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள்.

"ஏதாவது செய்யுங்களேன் தாயி!"

"செஞ்சிட்டுத்தான் இருக்கேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

மாசானம் தவியாய்த் தவித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சாவியை மட்டும் விடவில்லை.

அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. உதறல் அடங்கியது. தஸ்லீமா அவளை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"நின்னுருச்சு டீச்சர்! நின்னே போச்சு! ஆனா இரும்பு என் கையிலதானே இருக்கு..."

கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்து விழித்தார்.



வெகுநேரம் கழித்துப் பேச்சியம்மாளுக்குக் கண் தெளிந்தது. வழக்கம்போலத் தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். புதுக் காயம் எதுவும் இல்லை.

அப்புறம் புருஷன் கையைப் பிடித்து விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் சாவிப் பல் பதிந்து, ரத்தம் கட்டியிருந்தது.

"ஏங்க, உங்களுக்குமா வலிப்பு வந்துச்சு?"