செம்பியின் வயிறு சொன்ன சேதி

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் செந்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அதில் செம்பி என்றொரு தாய் நாய் இருந்தாள். பாவம், அவளுக்கு எல்லா இறைச்சியும் ஒத்துக்கொள்ளாது. தவளை தின்றால் குமட்டும். மூஞ்சூறு தின்றால் தலை சுற்றும். கொஞ்சம் பழைய கறி உள்ளே போனாலே போதும், குடலைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

"சீமாட்டி வயிறு நமக்கெல்லாம் வாய்க்குமா?" என்று மற்ற நாய்கள் கேலி பேசும். செம்பிக்கு அழுகை முட்டும்.

செந்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. வெளியே போய்த் தின்றுவிட்டு வரும் பெரிய நாய்கள், வளைக்குள் காத்திருக்கும் குட்டிகளுக்கு அந்தக் கறியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகளுக்கு அதுதான் சோறு.

அந்த வருஷம் விடாத அடைமழை. வேட்டை கிடைக்காமல் கூட்டமே பட்டினி கிடந்தது. மழை விட்ட அன்று காலையில் ஒரு கழுதைப்புலி பாதி மானை இழுத்துக்கொண்டு வந்தது.

"பசியோட இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், தம்பி. மனசு கேக்கலை" என்றது தலைவன் கருவாலனிடம்.

செம்பி மோந்து பார்த்தாள். "கறியிலே எலுமிச்சம்புல் வாசனை அடிக்குதே, ஏன்?"

"மான் புல் மேயற பிராணிம்மா. புல் வாசனை அடிக்காம மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்?" என்றது கழுதைப்புலி. எல்லா நாய்களும் சிரித்தன.

செம்பிக்கும் நல்ல பசி. ஒரு வாய் கடித்து விழுங்கினாள். அவ்வளவுதான். வயிறு புரண்டது, வாயில் எச்சில் ஊறியது. புதருக்குப் பின்னால் ஓடிப்போய்த் தின்றதையெல்லாம் கக்கிவிட்டு வந்தாள்.

"இது கெட்டுப்போன கறி. யாரும் தின்னாதீங்க" என்றாள்.

"அப்படியா? நானே தின்னு காட்டறேன்" என்ற கழுதைப்புலி, ஒரு பெரிய துண்டைக் கடித்து மென்று விழுங்கி ஏப்பம் விட்டது. பிறகு எந்த நாய் செம்பி பேச்சைக் கேட்கும்? எல்லாம் வயிறு முட்டத் தின்றன. தின்றுவிட்டுக் குட்டிகளுக்குக் கொடுக்க வளைப் பக்கம் கிளம்பின.

செம்பி அவற்றுக்கு முன்னால் ஓடி, வளை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே குட்டிகள் பசியில் முனகின. அவள் பெற்ற குட்டிகளும் அங்கேதான் இருந்தன. அந்தச் சத்தம் அவள் நெஞ்சைப் பிசைந்தது.

"வழி விடு, செம்பி. பிள்ளைங்க பசியில துடிக்குதுங்க" என்றான் கருவாலன்.

"விட மாட்டேன். பட்டினி கிடந்தா நாளைக்குத் தின்னுக்கலாம். இந்தக் கறி உள்ளே போனா பிள்ளைங்க பிழைக்காது."

"உன் ஒருத்தி வயிறு சரியில்லைன்னா ஊர் வயிறே சரியில்லைன்னு அர்த்தமா? இப்ப நகரலைன்னா இந்தக் கூட்டத்துல உனக்கு இடமில்லை."

கூட்டத்தை விட்டால் செம்பி தனியாக எங்கே போவாள்? இருந்தாலும் அவள் நகரவில்லை.

கருவாலன் பல்லைக் காட்டிக்கொண்டு பாய வந்தான். வந்தவன் பாதியில் நின்றான். அவன் வயிறு கடமுடவென்று உருண்டது. கண் இருட்டிக்கொண்டு வர, அப்படியே தரையில் சுருண்டான். அவனைத் தொடர்ந்து மற்ற நாய்களும் ஒவ்வொன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தன.

பின்னாலேயே வந்திருந்த கழுதைப்புலி கெக்கெக்கே என்று சிரித்தது. "என் வயித்துக்கு அழுகின கறி, எலும்பு, தோலு எல்லாமே செரிக்கும். உங்களுக்குச் செரிக்குமா? ஓடையில அலசி, வாசனைப் புல்லுல புரட்டிக் கொண்டாந்தேன். நகரும்மா, குட்டிங்க கறி எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"உன் கறி என் வயித்துல தங்கலை" என்றாள் செம்பி. "அதனாலதான் நான் இன்னும் எழுந்து நிக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்துவிட்டாள். முதல் கடி காதில், அடுத்தது தொடையில். தனி ஒருத்தி எதிர்த்துப் பாய்வாள் என்று கழுதைப்புலி எதிர்பார்க்கவே இல்லை. பின்னங்கால் பிடரியில் பட ஓடியது. மூங்கில் புதர், ஓடை, அதற்கப்பால் முள்காடு என்று செம்பி விடாமல் விரட்டினாள். குட்டிகள் வளை வாசலுக்கு வந்து வாலை ஆட்டிக் குரைத்தன. கழுதைப்புலி அதன்பின் அந்தக் காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

நாய்கள் தேறி எழுந்ததும் புதிதாக ஒரு மானை வேட்டையாடின. எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறியது. ஆனால் ஒரு நாயும் வாய் வைக்கவில்லை.

கருவாலன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். "செம்பி, உன் வயிறு என்ன சொல்லுது?"

செம்பி ஒரு துண்டைக் கடித்து, வேண்டுமென்றே மெதுவாக, மிக மெதுவாக மென்றாள். கூட்டமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

"ம், நல்லாயிருக்கு. பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்" என்றாள்.

நீதி: அடுத்தவர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக, உன் வயிறு சொல்லும் எச்சரிக்கையைத் தள்ளிவிடாதே.