மெத்தென்ற பனைமரம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. மடத்தில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சீடர் மட்டும் அவ்வப்போது பொருட்படுத்துவார்.

சீடர் ஆவுடையப்பன் மடத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு நடத்தினார். பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கு' என்று முடித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. கண், காது, மூக்கு, நாக்கு, கை என்று ஐந்து அட்டைகள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் சொற்களை எழுதி மாட்டினார். பளபள, சலசல, கமகம, சொரசொர. பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் மாலை அவர் ஒரு கடிதத்தோடு குரு அமுதவல்லி அம்மையிடம் வந்தார்.

"கையெழுத்து வேணும், அம்மா. இசக்கியை ஒண்ணாம் வகுப்புலயே இன்னொரு வருஷம் வைக்கணும். அவ அம்மைக்குத் தகவல்."

"என்ன செஞ்சா?"

"வாசல்ல நிக்கிற பனையைக் காட்டி, எப்படி இருக்குன்னு கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சொரசொரன்னு இருக்குன்னு சொல்லுது. இவ மெத்துமெத்துன்னு இருக்குங்கா. பனை, அம்மா! ஏறினவன் நெஞ்சைக் கேட்டாத் தெரியும்."

"வேற?"

"காக்கா புகையாட்டம் இருக்காம். கரும்பலகையில என் எழுத்து நுரையாட்டம் இருக்காம். முப்பது வருஷமா முத்து முத்தா எழுதுதேன்."

பனையைவிட அந்த நுரைதான் அவரை அதிகம் சுட்டிருந்தது.

"கையில ஏதாவது கொடுத்துக் கேட்டீங்களா?"

"கொடுத்தேன். புளியங்கொட்டையைத் தடவிப் பார்த்துட்டு, வழுவழுன்னு இருக்கு, ஓரத்துல மட்டும் ஒரு கீறல்னா. அந்தக் கீறலை நானே பார்க்கல. புத்தி இருக்கு, அம்மா. அதனாலதான் வேணும்னே கேலி பண்ணுதான்னு சொல்லுதேன். சொல்லு தெரியலன்னா சொல்லிக்கொடுக்கலாம். திமிருக்கு நான் என்ன செய்ய?"

குரு கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

"உங்க கண்ணாடியைக் கழற்றுங்க."

ஆவுடையப்பன் சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுபவர். தயங்கித் தயங்கிக் கழற்றினார்.

"இப்ப அந்தப் பனையைப் பாருங்க. எப்படி இருக்கு?"

"சொரசொரன்னு..."

"அட்டையைக் கேக்கல. உங்களைக் கேக்கேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். கருக்கு இல்லை, மட்டை இல்லை. பச்சையாக ஏதோ ஒன்று, பிய்த்துப் போட்ட பஞ்சு போல, வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெத்துன்னு இருக்கு," என்றார்.

ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளக் கை வரவில்லை.

"பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியல," என்றார். "நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஆனாலும் அம்மா, அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிக்கிட்டேதானே இருந்தா," என்றார் குரு.