விசுக்கனும் நுரையில்லாத பாதையும்

விசுக்கன் என்ற கீரிக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. தின்றுகொண்டே ஓடுவான். ஓடிக்கொண்டே அடுத்து எங்கே ஓடலாம் என்று பார்ப்பான். ஒரு வளையைத் தோண்டி முடிப்பதற்குள் அது பிடிக்காமல் போய், பக்கத்திலேயே இன்னொன்று தோண்டத் தொடங்கிவிடுவான்.

அவன் குடியிருந்தது நகரத்துக் கடற்கரையில், பஜ்ஜிக் கடைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த சவுக்குத் தோப்பில். அந்தக் கடற்கரையில் தண்ணீருக்கு அடியில் ஒரு மணல்திட்டு படுத்திருந்தது. தூரத்தில் மலைபோல எழும்பி வரும் அலையும் அந்தத் திட்டில் ஏறியதும் உடைந்து, வெள்ளை நுரையாகி, சாதுவாகக் கரைக்கு உருண்டு வரும். அலைச்சறுக்குப் பழக வருகிற மனிதர்கள் அதனால்தான் அந்த இடத்தைத் தேடி வந்தார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத வேளையில், அந்த நுரை முழுவதும் விலங்குகளுக்குத்தான்.

ஒரு நாள் காலை நண்டைத் துரத்திக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டான் விசுக்கன். அப்போதுதான் அதைப் பார்த்தான். செம்பி என்ற வெள்ளாடு ஒரு நீலப் பலகையின்மேல் நான்கு கால்களையும் ஊன்றி நின்றபடி, நுரைக்கு முன்னால் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தாள். அது அலைச்சறுக்குப் பள்ளிக்காரர்கள் விரிசல் விட்டதென்று தூக்கி எறிந்த பலகை. மணலைத் தொட்டதும் செம்பி நிதானமாக இறங்கி, உடம்பை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டாள்.

நண்டு தப்பிப் போனது. விசுக்கன் கவனிக்கவில்லை.

"செம்பி! எனக்கும் இது வேணும்! இப்பவே வேணும்!"

"பலகை இருக்கா?"

செம்பி கேட்டு முடிப்பதற்குள் அவன் காணாமல் போயிருந்தான். மீன் விற்கிற இடத்துக்கு ஓடி, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்றைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டு வந்தான். மூடி முழுக்க மீன் வாடை. "இதோ பலகை! அடுத்து என்ன?"

"அடுத்து, இதுமேல படு. நுரை வந்து தள்ளும். அது தள்ளுற பக்கமே போ. எழுந்து நிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"படுக்கிறதா? அதுக்கு எதுக்குக் கடலுக்கு வரணும்? என் வளையிலேயே படுப்பேனே!"

முதல் நுரை வந்தது. விசுக்கன் எழுந்து நின்றான். மூடி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். வாயெல்லாம் உப்பு. இரண்டாவது நுரைக்கும் நின்றான். மூடி திரும்பி வந்து அவன் மூக்கிலேயே அடித்தது.

"அலை சரியில்லை!" என்றான். அடுத்து வந்ததை, சின்னது என்று விட்டுவிட்டான். அதற்கடுத்ததைக் கோணல் என்று விட்டான். பிறகு வந்தது நல்ல அலை. ஆனால் அதற்குப் பின்னால் வருவது இதைவிட நல்லதாக இருக்குமோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். அதற்குள் நல்ல அலை அவனைத் தாண்டிப் போய்விட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் அரித்தது. இங்கே நின்றால் அங்கே நல்ல அலை உடைகிறது. அங்கே நீந்திப் போனால் இங்கே உடைகிறது!

கடைசியில் பொறுக்க முடியாமல் இன்னொருவர் அலைக்குள் பாய்ந்தான். அது டைகருடைய அலை. டைகர் பெயரில்தான் புலி. மற்றபடி கடைகளுக்குப் பின்னால் வாழும் நாய். ஓர் அலைக்கு ஒருவர்தான் என்று அந்தக் கரையில் ஒழுங்கு பார்த்துக்கொள்வது அதன் வேலை. விசுக்கனின் மூடி டைகரின் காலை வாரிவிட, இரண்டு பேரும் உருண்டு மணலில் வந்து விழுந்தார்கள்.

"அறிவு இருக்கா உனக்கு?" டைகர் உறுமியது. "என் கழுத்து முறிஞ்சிருக்கும்! போய் மரத்தடியில உட்காரு. உன் முறை வந்தா கூப்பிடுறேன்!"

உட்காருவதா! விசுக்கனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தான். எழுந்தான். சுற்றி வந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"விசுக்கண்ணே!" என்று மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. அந்த மரத்தில் கூடு கட்டியிருந்த அஞ்சலை என்ற காகம் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "உங்களைப் போய் உட்கார வெச்சிருக்காங்களே! உங்க வேகம் என்ன, அந்த ஆட்டோட வேகம் என்ன!"

"நீயாவது புரிஞ்சுக்கிட்டியே!"

"நுரையில விளையாடுறது குட்டிங்களோட வேலை அண்ணே. நீங்க நேரா பெரிய அலைக்குப் போகணும்."

"போகலாம்தான். இந்த நுரை என்னைத் திருப்பித் திருப்பிக் கரையில தள்ளுதே!"

அஞ்சலை தலையைச் சாய்த்துக் கடலைப் பார்த்தது. "மேலே இருந்து பார்க்கிற எனக்குத் தெரியாத வழியா? அந்தப் பாறைக்குப் பக்கத்துல பாருங்க. ரெண்டு பக்கமும் நுரை. நடுவுல ஒரு பட்டை மட்டும் நுரையே இல்லாம கண்ணாடி மாதிரி கிடக்கு, பாருங்க! அதுல இறங்கினா காலைக்கூட அசைக்க வேண்டாம். தண்ணியே உங்களைத் தூக்கிட்டுப் போய்ப் பெரிய அலைகிட்ட விட்டுடும்!"

விசுக்கன் பார்த்தான். ஆமாம்! வீதிபோல ஒரு பாதை. அங்கே ஓர் அலைகூட உடையவில்லை. அப்படியானால் செம்பி ஏன் அந்த வழியாகப் போவதில்லை? இந்தக் கேள்வி அவன் மனதில் எழத்தான் எழுந்தது. பதில் தேட யார் காத்திருப்பது? மூடியைக் கவ்விக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தான்.

காகம் சொன்னது அத்தனையும் உண்மை. காலை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் அவனை வழுவழுவென்று இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நுரைகள் கரைக்குப் போக, அவன் மட்டும் கடலுக்குப் போனான். "ஹா! பார்த்தீங்களா!" என்று கத்தினான். இதுவரை அவன் ஓடியதிலேயே இதுதான் வேகம், அதுவும் ஓடாமலே!

திரும்பிப் பார்த்தபோது கட்டடங்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தன.

முன்னால் பெரிய அலை எழுந்தது. கரையிலிருந்து பார்த்தபோது அழகாக இருந்த அதே அலை, இங்கே கறுத்த சுவராக நின்றது. அது அவனை உச்சிக்குத் தூக்கியது. கீழே பார்த்தான். எழுந்து நிற்பதாவது! நகங்கள் தெர்மாகோலுக்குள் இறங்கின. அலை அவனுக்கு அடியில் நழுவிப் போய்த் தொலைவில் இடிபோல உடைந்தது.

"போதும்! போதும்!" மூடியைத் திருப்பிக் கரையைப் பார்த்துக் கால்களை அடித்தான். அடித்தான், அடித்தான். கட்டடங்கள் பெரிதாகவே இல்லை. மூச்சு இரைத்தது. இன்னும் வேகமாக அடித்தான். கரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

தலைக்கு மேலே சிறகுச் சத்தம் கேட்டது. அஞ்சலை!

"காக்கா! இந்தத் தண்ணி என்னை விடமாட்டேங்குது!"

"தெரியும்" என்றது அஞ்சலை. இப்போது அண்ணே இல்லை. "போன கோடையில என் கூட்டுல முட்டை இருந்துது. ஞாபகம் இருக்கா?"

விசுக்கனுக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. பசித்தது, ஏறினான், தின்றான், அடுத்த மரத்துக்கு ஓடினான். அவ்வளவுதான். அது யாருடைய கூடு என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை நீ. இப்ப மறுபடி முட்டையிட்டிருக்கேன். நீ கரையில இருக்கிற வரைக்கும் நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?" சொல்லிவிட்டு அஞ்சலை திரும்பிப் பறந்தது.

கரையில் டைகர் குரைப்பது சன்னமாகக் கேட்டது. கண்ணாடிப் பாதையில் ஒரு நீலப் புள்ளி வந்துகொண்டிருந்தது. நீலத்தின்மேல் ஒரு செந்நிறப் புள்ளி. செம்பி!

"கரையைப் பார்த்து அடிக்காதே!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

"கரை அங்கேதானே இருக்கு!"

"கரை அங்கே இருக்கு, வழி அங்கே இல்லை! இந்த இடத்துல தண்ணி வெளியே ஓடுது. எதிர்த்தா உன் உயிர்தான் தீரும். என்னையும் ஒரு தடவை இது இழுத்துட்டு வந்திருக்கு. முதல்ல சும்மா இரு!"

"சும்மா இருந்தா செத்துருவேன்!"

"சும்மா இருந்தாத்தான் பிழைப்பே! மூடியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடு!"

விசுக்கன் முயன்று பார்த்தான். கால்கள் கேட்கவில்லை. அவை தாமாகவே தண்ணீரைப் பிறாண்டின. அந்த நேரம் பார்த்து இன்னொரு பெரிய அலை அவர்கள்மேலேயே உடைந்தது. தெர்மாகோல் மூடி மடாரென்று இரண்டாகப் பிளந்தது. விசுக்கன் மூழ்கினான், எழுந்தான், மறுபடி மூழ்கினான். காதைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். செம்பியின் பற்கள்! அவனை நீலப் பலகையில் தன் முன்னங்கால்களுக்கு நடுவே கிடத்தினாள்.

"கேட்டுக்கோ" என்றாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. "இது ஒருத்தருக்கான பலகை. நீ அசைஞ்சா ரெண்டு பேரும் கவிழ்வோம். இப்ப நாம பக்கவாட்டுல போகப் போறோம். இழுப்பு விடுற இடம் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும் செய்யாதே. ஒண்ணுமே!"

செம்பி கரைக்குப் போகாமல், கரையை ஒட்டிய திசையில் பின்னங்கால்களால் தண்ணீரை உதைத்து மெல்லப் பலகையைத் தள்ளினாள். விசுக்கன் படுத்துக்கிடந்தான். முதுகெல்லாம் துடித்தது. பின்னால் அலை வருகிறதா என்று பார்க்கத் தலை தவித்தது. பார்க்கவில்லை. ஒரு காலை மட்டும் மாற்றி வைத்தால் என்ன என்று தோன்றியது. வைக்கவில்லை. வாலைக்கூட இறுக்கிச் சுருட்டிக்கொண்டான். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதே பலகையைக் கவிழ்த்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரின் பிடி தளர்ந்தது. பக்கத்தில் வெள்ளை தெரிந்தது. நுரை!

"வருது" என்றாள் செம்பி. "இதுல போகலாம்."

"நிக்கணுமா?"

"படு!"

நுரை அவர்களைப் பின்னாலிருந்து தள்ளியது. இரண்டு பேரும் பல்லி ஒட்டியதுபோலப் பலகையில் ஒட்டிக்கொண்டார்கள். அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் பலகை மணலைத் தொட்டது.

விசுக்கன் குடித்திருந்த கடலையெல்லாம் கக்கினான். டைகர் அவனை முகர்ந்து பார்த்து, உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் சவுக்கு மரத்தைப் பார்த்துக் குரைத்தது. "அந்தக் காக்கா உனக்கு வழி காட்டினதை நான் பார்த்தேன்! மரத்துல ஏறத் தெரிஞ்சவன் நீதான். போய்க் கூட்டைக் கலைச்சுப் போடு!"

விசுக்கன் மரத்தடிக்குப் போனான். மேலே அஞ்சலை சிறகுகளை விரித்துக் கூட்டை மூடிக்கொண்டிருந்தது. அலகு திறந்திருந்தது. அவனுக்கு அந்த மரம் ஒரே ஓட்டம். ஏறவில்லை.

"அஞ்சலை, உன் முட்டையைத் தின்னப்ப எனக்குப் பசி. கொஞ்சம் நின்னு பார்த்திருந்தா, நீ கிளையில தவிச்சது தெரிஞ்சிருக்கும். நிக்கலை. இனிமே இந்த மரத்துல ஏறமாட்டேன்."

"உன் பேச்சை நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். பார்த்துக்கிட்டே இரு."

செம்பி பின்னால் வந்து நின்றாள். நனைந்த உடம்பு இன்னும் நடுங்கியது. "முட்டை போன வலி எனக்குப் புரியுது அஞ்சலை. ஆனா அவனைத் தேடிக்கிட்டு அந்தத் தண்ணியில நானும் இறங்க வேண்டியதாப் போச்சு. அதை நினைச்சியா?"

காகம் விரித்திருந்த சிறகுகளை மெதுவாக மடக்கிக்கொண்டு அலகைக் கூட்டுக்குள் புதைத்துக்கொண்டது.

அன்றே விசுக்கன் கடைகளுக்குப் பின்னால் எலி வளைகள் இருக்கிற பக்கம் குடிபோனான். காலைகளில் மட்டும் புதிய மூடியோடு கரைக்கு வந்தான். டைகர் கூப்பிடும்வரை வரிசையில் நின்றான். நிற்கும்போது கால்கள் குறுகுறுக்கத்தான் செய்தன. ஆனாலும் நின்றான். முறை வந்ததும் நுரையில் படுத்துக்கொண்டே வந்தான். மரத்திலிருந்து அஞ்சலை ஒவ்வொரு நாளும் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தது. குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்துபோன பிறகுதான் பார்ப்பதை விட்டது. அதற்குள் விசுக்கன் அலைமேல் எழுந்து நிற்கப் பழகியிருந்தான்.

குறுக்கு வழி காட்டுகிறவர் எதற்காகக் காட்டுகிறார் என்று ஒரு கணம் நின்று யோசிக்காதவனை, அவனுடைய அவசரமே ஆழத்துக்கு இழுத்துப் போகும்.