செம்பன் போட்ட முடிச்சு

கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு காட்டில், செம்பன் என்றொரு குரங்கு இருந்தான். அந்தக் காட்டு மரங்களின் வேரெல்லாம் உப்புத் தண்ணீரில்தான் நிற்கும். வேருக்குள் நண்டு ஓடும், கிளைமேல் செம்பன் ஓடுவான்.

செம்பனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு, பிள்ளைகளே. அது அவன் போடும் முடிச்சு. மூன்று சுற்றுச் சுற்றுவான், நுனியை உள்ளே செருகுவான், பல்லால் ஓர் இழுப்பு இழுப்பான். அவ்வளவுதான். புயலே வந்து பிய்த்தாலும் அவிழாது.

"என் முடிச்சை அவிழ்க்க இன்னொருத்தன் பிறந்து வரணும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

மாசி முழுநிலா நாளில் அந்தக் காட்டில் விழா. அன்றைக்குத்தான் கடலாமை ஆழியாள் முட்டையிட வருவாள். உலகமெல்லாம் நீந்தினாலும் அவள் பிறந்தது இந்த மணலில். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிறவளை வெறும் கரையில் வைத்தா வரவேற்பார்கள்? இலையும் பூவும் கட்டித் தோரணம் போடுவார்கள். விழா முடிந்ததும், கடல் வடியும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

போன வருஷம் செம்பன் புதிதாக ஒன்று செய்தான். கரையோர ஊரில் திருவிழா முடிந்து, பந்தலில் கட்டிய நெகிழி நாடாக்கள் காற்றில் பறந்து வந்து கிடந்தன. பளபளவென்று சிவப்பு, பச்சை, மஞ்சள். அள்ளிக்கொண்டு வந்து மரத்துக்கு மரம் கட்டிவிட்டான்.

நீர்நாய் நெளிச்சி இரண்டு குட்டிகளை வளர்ப்பவள். எதையும் யோசித்துத்தான் செய்வாள். "ஏன்டா, இலை போதாதா?" என்று கேட்டாள்.

"இலை நாளைக்கே வாடிடும் அக்கா. இது வெயிலுக்கும் வாடாது, மழைக்கும் ஊறாது."

"வாடாததை விழா முடிஞ்சு என்ன பண்ணுவே?"

"எப்பவும் பண்றதுதான். கடலுக்குக் கொடுத்துடுவோம். அது என்ன வேண்டாம்னா சொல்லப்போகுது?"

விழா முடிந்ததும் நாடாக்களை முடிச்சு அவிழ்க்காமலே உருவித் தண்ணீரில் விட்டான். கடல் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டது.

இந்த வருஷம் செம்பன் இரண்டு மடங்கு நாடா கட்டினான். காலையிலிருந்து தன் தோரணத்தையே அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்தது அவனுக்கு. எல்லோரும் மணலில் கூடிவிட்டார்கள். ஆழியாளைத்தான் காணோம்.

"உன் தோரணம் கண்ணைக் கூசுதுன்னு அந்தப் பக்கமே திரும்பிப் போயிருப்பா" என்றது காகம்.

"நீ வாயை மூடு" என்றான் செம்பன்.

பொழுது சாயும்போது அவள் வந்தாள். வழக்கமாக அவள் ஏறி வரும் தடம், மணலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இன்றைக்கு ஒரு பக்கம் தடம், மறு பக்கம் வெறும் கோடு. பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டே வந்தாள். அந்தக் காலை வாலோடு சேர்த்து ஏதோ சுற்றி இறுக்கியிருந்தது.

யாரிடமும் பேசாமல் குழி தோண்டத் தொடங்கினாள். ஒரு கால் மணலை அள்ளியது. இன்னொரு கால் துடித்ததே தவிர அசையவில்லை. அள்ளிய மணல் மறுபடி சரிந்து விழுந்தது.

"நாங்க தோண்டித் தர்றோம் பெரியம்மா" என்று நீர்நாய்க் குட்டிகள் ஓடி வந்தன.

"இது குடம் மாதிரி இருக்கணும் கண்ணுங்களா. வாய் சின்னதா, வயிறு பெருசா. பின்னங்கால் ரெண்டும் இருந்தாத்தான் வரும்" என்றாள் ஆழியாள். மூச்சு வாங்கியது. "குழி சரியா இல்லாட்டி முட்டை ஒண்ணும் பிழைக்காது."

நெளிச்சி கடித்துப் பார்த்தாள். நாடா சதைக்குள் இன்னும் இறுகியது. நண்டு கொடுக்கால் வெட்டப் போனது. கால் எது, கட்டு எது என்று தெரியாமல் பின்வாங்கிவிட்டது.

"விடுங்க" என்றாள் ஆழியாள். "வர்ற வழியெல்லாம் கேட்டேன். சுறா கிட்டகூடக் கேட்டேன்னா பார்த்துக்கோங்க. யாருக்கும் அவிழ்க்கத் தெரியலை. எந்த ஊர்க்காரன் கட்டினானோ, கைதேர்ந்தவன்தான்."

செம்பன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான். வெளிறிப்போன சிவப்பு நாடா. மூன்று சுற்று. உள்ளே செருகிய நுனி. நுனியில் பல் பதிந்த தடம்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. இலைக்குள் ஒதுங்கிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

செம்பன் மெல்ல இறங்கி வந்தான்.

"எனக்கு அவிழ்க்கத் தெரியும் அக்கா."

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் நெளிச்சி.

"கட்டினது நான்தான்."

ஆழியாள் திரும்பி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"அப்ப சீக்கிரம் வா. வயிறு காத்துக்கிட்டிருக்காது" என்றாள்.

ஒரு வருஷம் உப்பில் ஊறிய முடிச்சு அது. குட்டிகள் வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின. செம்பன் உதடு கிழியக் கிழிய நுனியைப் பல்லால் இழுத்தான். முதல் சுற்று வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது சதையை விட்டு வரும்போது ஆழியாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவனும்தான்.

பிறகு கால் அசைந்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் நன்றாக. இருட்டுவதற்குள் குடம் மாதிரி ஒரு குழி. அதற்குள் ஒவ்வொன்றாக வெள்ளை முட்டைகள்.

"இப்ப விழாவா?" என்று குட்டி கேட்டது.

"கொஞ்சம் இரு. இதையெல்லாம் கழற்றிட்டு வர்றேன்" என்ற செம்பன், கட்டிய நாடாக்கள் அத்தனையையும் தானே அவிழ்த்தான். கடற்பக்கம் போகவில்லை. மேட்டில் இருந்த ஆலமரப் பொந்தில் திணித்து, கல் வைத்து அடைத்தான். அதற்குள் மற்றவர்கள் தென்னங்கீற்றும் பூவரசம்பூவும் கொண்டுவந்து போட்டார்கள்.

செம்பன் கட்டிய கீற்று ஒன்றைக் காகம் அலகால் லேசாக இழுத்தது. அவிழ்ந்து விழுந்தது.

"என்னடா, உன் முடிச்சு இவ்வளவு லேசா?"

"ஆமா. இனிமே இப்படித்தான்."

விழா முடிந்ததும் கீற்றையும் பூவையும் கடல் வாங்கிக்கொண்டது. ஆழியாளும் அவற்றின் நடுவே நீந்திப் போனாள். ஒரு கீற்று அவள் காலில் சுற்றிக்கொண்டது. கரையில் நின்ற செம்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் காலை ஓர் உதறு உதறினாள். கீற்று கழன்று மிதந்தது.

நீதி: நாம் கொண்டாடி முடித்ததை இன்னொரு உயிர் சுமக்கும்படி விடக் கூடாது.