கௌளியார் தலைகீழாகப் பார்த்த வானம்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் ஓயவே ஓயாது. விலங்கும் பறவையும் பேசிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. எல்லாரும் பேசினார்கள் என்றாலும், பல்லி பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம்.

ஏரிக்கரையில் மேற்குப் பக்கம் திறந்த ஒரு பழைய கல்மண்டபம். அதன் கூரையில் தொங்கியபடி வானத்தைப் பார்த்து, ஊருக்கெல்லாம் ஜோசியம் சொன்னது அந்தப் பல்லிதான். மரியாதைக்காக அதை எல்லாரும் கௌளியார் என்றார்கள். தவளை எந்தப் பக்கம் தாவ வேண்டும், நண்டு வளையை எந்தத் திசையில் தோண்ட வேண்டும், எல்லாம் கௌளியாரைக் கேட்டுத்தான். கேட்டவுடன் சொல்லிவிட மாட்டார். முதலில் தொண்டையைக் கனைப்பார். நாக்கை நீட்டி இரண்டு கண்ணையும் நக்கித் துடைப்பார். அதற்குப் பிறகு, "அதாகப்பட்டது..." என்று தொடங்குவார். அவ்வளவுதான், பொழுது போய்விடும்.

அந்த ஏரிக்கரையில் நாரப்பன் என்று ஒரு தூக்கணாங்குருவி இருந்தான். தண்ணீர்மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் கோரையைக் கிழித்துக் கிழித்துப் பாதிக் கூடு பின்னி வைத்திருந்தான். எட்டுக் குருவிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிப் போனார்கள். ஒன்பதாவதாக வந்தவள் கோரைக்கண்ணி. ஒவ்வொரு நாராக அலகால் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அவிழவில்லை.

"கூடு பிடிச்சிருக்கு. ஆளும் பரவாயில்லை" என்றாள். "ஆனா பச்சை வாடறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு நான் குடிவந்துடணும். காய்ஞ்சு போன கூட்டுக்கு எங்க சனத்துல பேரு குப்பை. அப்புறம் எங்க அப்பா என்னை வேற மரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்."

வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம் என்று முடிவானது. புதன்கிழமை சாயங்காலம் வந்தது வினை.

சூரியன் ஏரிக்குள் இறங்கியதும், மேற்கு வானத்தில் புதன், சுக்கிரன், மூன்று நாள் பிறை, செவ்வாய், குரு, சனி என்று ஆறு பேரும் நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. அத்தனை கூட்டமும் மண்டபத்துக்கு ஓடியது.

கௌளியார் கனைத்தார். கண்ணை நக்கினார்.

"அதாகப்பட்டது, ஆறு கிரகமும் ஒரே கயிற்றில் வருவது என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்குப் பிறகு இப்போதுதான். வரிசை எப்படி இருக்கிறது? மேலேயிருந்து கீழே சரிகிறது! இறங்குமுகம்! இதன் பலன் என்னவென்றால், தொங்குவது எல்லாம் விழும். கட்டியது எல்லாம் அவிழும். ஆகையால் மூன்று மாதத்துக்குக் கல்யாணம் கூடாது, குடிபுகுதல் கூடாது..."

நாரப்பன் முன்னால் தாவி வந்தான். "ஐயா, மூணு மாசமா? மூணு நாள்ல கூடு காய்ஞ்சிடுமே!"

"கிரகத்துக்கு உன் கூட்டைப் பற்றி என்ன கவலை?" என்றார் கௌளியார்.

"கௌளியாரே சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு?" என்று கோரைக்கண்ணியின் அப்பா றெக்கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாரப்பன் நேராகப் போய் விழுந்தது கரிச்சான் குருவியின் காலில். கரிச்சான் கறுப்பாக, வால் பிளந்து இருப்பான். அவனுடைய சொந்தக் குரல் எது என்று அவனுக்கே சந்தேகம். பருந்துபோலக் கத்திக் கோழிகளை விரட்டுவான். கோழிகள் ஒளிந்ததும், ஒளிந்த இடத்திலேயே அதே கோழிகளின் குரலில், "யாருடி அங்க இடிக்கிறது?" என்று சண்டை மூட்டிவிடுவான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் கண் மின்னியது. "அழுவாத மாப்ளே. கிரகம்தானே பிரச்சனை? கிரகங்களையே வரவழைச்சுப் பேசிடலாம்."

மறுநாள் சாயங்காலம் கௌளியார் வழக்கம்போலக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே கூட்டம். ஆறு பேரும் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு தூணின் உச்சியிலிருந்து, வாழை நார்போல் நீட்டி இழுத்து, ஒரு குரல் கேட்டது.

"கௌ...ளி...யா...ரே... நான்... விழறேனா...? ஒரு ராசி... தாண்டவே... எனக்கு ரெண்டரை வருஷம்... ஆவுது... நான்... எங்கய்யா... விழ...?"

கௌளியாரின் நாக்கு வெளியே நீட்டியபடியே நின்றுவிட்டது. "ச... சனி பகவானா?"

இன்னொரு தூணிலிருந்து கீச்சென்று: "யார் விழுந்தா எங்க விழுந்தா அடி பட்டுச்சா பலமா லேசா நான் புதன் கேக்கறேன் சொல்லுங்க சொல்லுங்க!"

கூரை ஓட்டையிலிருந்து இடி மாதிரி: "எவன்டா இறங்குமுகம்னு சொன்னது? இந்தச் செவ்வாய் கிட்ட வந்து சொல்லு பாப்போம்!"

பின்னாலிருந்து பாகு வடிய: "ஏங்க, கல்யாணம்னாலே சுக்கிரன் நான்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அப்புறம், பிரம்பை மேசையில் தட்டுவதுபோல: "கௌளி, எழுந்து நில். நேற்று சொன்னதைத் திரும்பச் சொல். நான் குரு."

கௌளியாருக்கு நான்கு காலும் வேர்த்தது. "ஐயா, நான் பார்த்ததைத்தானே..."

மிச்சம் இருந்தது பிறை ஒன்று. பிறந்து நான்கே நாள் ஆன பிறை வேறு எப்படிப் பேசும்? காதுக்குப் பக்கத்திலேயே வீறிட்டது: "ங்ங்ஙா! ங்ங்ஙா!"

பொத்!

கௌளியார் கூரையை விட்டுத் தரையில் விழுந்தார். வால் மட்டும் வர மறுத்து மேலேயே துடித்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கூரையை விட்டு இறங்காதவர், முதல் முறையாக வயிறு கீழேயும் முதுகு மேலேயுமாக நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

கோரைக்கண்ணி கிட்டே வந்தாள். "அடி பட்டுச்சா ஐயா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

"அந்த வரிசை..." என்றார் கௌளியார் மெதுவாக. "அது எங்கே தொடங்குகிறது?"

"தண்ணிகிட்ட. அங்கேருந்து மேல ஏறுது. நேத்து சுக்கிரனுக்கு அடுத்து இருந்த பிறைகூட இன்னைக்கு ஒரு படி மேல போயிருக்கே!" சொல்லிவிட்டு அவள் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஐயா, நீங்க இத்தனை நாளும் தலைகீழாத் தொங்கிக்கிட்டேவா வானத்தைப் பாத்தீங்க?"

அதற்கு மேல் கரிச்சானால் அடக்க முடியவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துத் தூணிலிருந்து வழுக்கி விழுந்தான்.

"நீயா!" என்று கௌளியார் சீறினார். "ஆறு குரலும் நீயா?"

"குரல் மட்டும்தான் அண்ணே என்னோடது" என்றான் கரிச்சான். "வானம் என்னோடது இல்லை."

கௌளியார் நினைத்திருந்தால் அப்போதே தப்பித்திருக்கலாம். பார், எல்லாம் போக்கிரி வேலை, நேற்று சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கூட்டம் நம்பியிருக்கும். அவர் நாரப்பனைப் பார்த்தார். ஈச்ச மரத்துக் கூட்டைப் பார்த்தார். ஓரம் லேசாகப் பழுக்க ஆரம்பித்திருந்தது.

தொண்டையைக் கனைக்கவில்லை. கண்ணை நக்கவில்லை. "ஏறுமுகம்" என்றார். "நாளைக்கே கல்யாணம் நடக்கட்டும். நான்தான் தப்பாகப் பார்த்தேன்."

நாரப்பன் குட்டிக்கரணம் போட்டான். ஆனால் கூட்டத்துக்குள் வேறு ஒரு சலசலப்பு.

"அப்போ என்னைக் கிழக்கே தாவச் சொன்னது?" என்றது தவளை.

"மேற்கே போயிருக்க வேண்டும்."

"நேரா நடந்தா ஆபத்துன்னு சொன்னீங்களே, பன்னெண்டு வருஷமாப் பக்கவாட்டுலயே நடக்கறேனே!" என்று நண்டு கத்தியது.

கௌளியார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "அதுவும்தான் அப்பா. மன்னித்துக்கொள். இனிமேல் நான் நீளமாகப் பேசுவதில்லை. ஒரே ஒரு சொல் சொல்வேன். பலன் என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." கொஞ்சம் யோசித்து, "கூரையை விட்டுச் சுவருக்கும் வந்துவிடுகிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. கோரைக்கண்ணி கூட்டு வாசலில் ஒரு காலை வைத்தாள். மண்டபத்துச் சுவரிலிருந்து, "த்ச்!"

"ஐயோ, நல்லதா கெட்டதா?" என்று அவள் அப்பா பதறினார். "இதுக்கு அந்த நீளப் பேச்சே தேவலையே!"

கோரைக்கண்ணி வைத்த காலை எடுத்தாள். விர்ரென்று பறந்து போய், சுவரில் அலகால் டொக் டொக் டொக் என்று மூன்று தட்டுத் தட்டினாள்.

"ஐயா, தலை எந்தப் பக்கம்?"

கௌளியார் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். பழக்கதோஷம், தலை கீழேதான் இருந்தது. சத்தம் போடாமல் சுவரிலேயே அரைச் சுற்றுச் சுற்றி, தலையை மேலே வைத்து, வானத்தை நன்றாகப் பார்த்தார்.

"த்ச்!" என்றார் மறுபடி.

"சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் பச்சை மாறாத கூட்டுக்குள் குடிபோனாள். அவளுக்கு முன்னாலேயே கூட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. கரிச்சானை அன்றைக்கு ஏரியை மூன்று சுற்றுத் துரத்தினார்கள்.

அன்று முதல்தான், நாம் முக்கியமாக ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி ஒரு 'த்ச்' போட்டால், பேச்சை நிறுத்தி, விரலை மடக்கி, தரையில் மூன்று முறை தட்டுகிறோம்; அந்தத் தட்டுக்கு அர்த்தம் வேறொன்றுமில்லை, தலை எந்தப் பக்கம் என்று கேட்பதுதான்.