இந்தக் கோடைக்கு மட்டும்

தாழைமடுக் குளத்தங்கரையில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதன் உச்சிக் கிளைதான் நெடுவாலன் என்ற குரங்கு வேலை பார்த்த இடம்.

வேலை என்னவென்றால், பார்ப்பதுதான். கீழே புல்வெளியில் புள்ளிமான்கள் மேயும். சுற்றிலும் கோரை அடர்ந்து நிற்கும். அதற்குள் புலி பதுங்கி வந்தால் மான்களின் கண்ணுக்குத் தெரியாது. மேலே இருப்பவனுக்குத் தெரியும். தெரிந்த கணமே அவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மான்கள் ஓடித் தப்பிவிடும். பதிலுக்கு, குரங்குகள் தண்ணீர் குடிக்கத் தரையில் இறங்கும்போது மோப்பம் பிடித்து எச்சரிப்பது மான்களின் பொறுப்பு. இரண்டு கூட்டங்களுக்கும் இடையே வெகு காலமாக இருந்த ஏற்பாடு அது.

நெடுவாலன் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல.

குட்டியாக இருந்தபோது அவனும், வெண்குளம்பி என்ற மான்குட்டியும், தடியன் என்ற காட்டுப்பன்றிக் குட்டியும் இந்தக் கரைச் சேற்றில்தான் உருண்டு விளையாடுவார்கள். களைத்துப்போய் நிழலில் கிடக்கும்போது பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

"நான் வைத்தியன் ஆகப் போகிறேன். எந்த வேர் எந்த நோய்க்கு என்று எனக்குத் தெரிந்திருக்கும்" என்பான் தடியன்.

"நான் ஓடுவேன். கூட்டத்துக்கே முன்னால் ஓடி வழிகாட்டுவேன்" என்பாள் வெண்குளம்பி.

"நான் தூதுவன்" என்பான் நெடுவாலன்.

குரங்குக் கூட்டத்தில் தூதுவனுக்குத் தனி மதிப்பு உண்டு. வடக்கே இருக்கும் பாறைப் பிளவை ஒரே தாவலில் தாண்டி, அவன் அடுத்தடுத்த காடுகளுக்குப் போவான். எங்கே மழை பெய்தது, எங்கே தீப்பிடித்தது, எங்கே அத்தி பழுத்தது என்று சேதி கொண்டுவருவான். நெடுவாலன் அந்தத் தாவலுக்காகவே வளர்ந்தான். தினமும் கிளைக்குக் கிளை தூரத்தை அளந்து பழகினான்.

அவன் வயதுக்கு வந்த கோடையில் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தூதுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். மருதமரத்தில் உன் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இந்தக் கோடைக்கு மட்டும் நீ போய் உட்கார். பிறகு பார்க்கலாம்."

நெடுவாலன் போய் உட்கார்ந்தான். மழை வந்தது, போனது. தலைவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் கேட்டபோது, "நீதான் அங்கே நன்றாகப் பார்க்கிறாயே" என்றார். அதற்கடுத்த கோடையில் அவன் கேட்கவில்லை. தூதுவர்களில் ஒருவன் பாறையில் விழுந்து இறந்தபோது அந்த இடம் அவனைவிடச் சிறியவனான துள்ளனுக்குப் போனது. இப்படியே ஏழு கோடை கழிந்துவிட்டது.

மற்றவர்களுக்கும் நினைத்தது நடக்கவில்லை. தடியனுக்கு ஒன்பது குட்டிகள். விடிந்ததும் கிழங்கு தோண்டக் கிளம்பினால் பொழுது சாயும்வரை மூக்கு மண்ணிலேயே இருக்கும். வெண்குளம்பி கூட்டத்திலேயே வேகமானவள்தான். ஆனாலும் அவள் கூட்டத்தின் கடைசியில்தான் வருவாள். பின்தங்கும் குட்டிகளை முகத்தால் தள்ளிக்கொண்டே வர ஒருத்தி வேண்டும் அல்லவா? எப்போதாவது மூவரும் குளத்தில் சந்தித்தால், "எப்படி இருக்கிறாய்?" "இருக்கிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நெடுவாலனுக்குக் கிளையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போயிருந்தது. கோரை அசைந்தால் காற்றா, காட்டுக்கோழியா, புலியா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காற்றுதான். நாளுக்கு நூறு முறை காற்றைப் பார்ப்பதற்கா பிறந்தேன் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு வந்தால் கண் வடக்குப் பக்கம் திரும்பிவிடும். முதலில் ஒரு கணம் திரும்பியது. போகப்போக நெடுநேரம் அங்கேயே நின்றது.

வெயில் ஏறிய ஒரு பகலில் துள்ளன் வந்து பக்கத்துக் கிளையில் அமர்ந்தான். உடம்பெல்லாம் புழுதி.

"என்ன அண்ணா, சுகமா?"

"உட்கார்ந்திருக்கிறேன். நீ எங்கிருந்து வருகிறாய்?"

"மலைக்கு அந்தப் பக்கம். இந்தத் தடவை கடலையே பார்த்துவிட்டேன்."

நெடுவாலன் நிமிர்ந்தான். "கடல் எப்படி இருக்கும்?"

துள்ளன் கொட்டாவி விட்டான். "தண்ணீர்தான். நிறைய. வாயில் வைக்க முடியாது."

"கடலைப் பார்த்தவன் சொல்கிற பதிலா இது?"

"எட்டு நாள் தாவி, உள்ளங்கைத் தோல் உரிந்து போய் நின்றால் உனக்கும் அப்படித்தான் தெரியும். கொண்டுபோன சேதியைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. 'அப்படியா, சரி' என்று அனுப்பிவிட்டார்கள்."

"அலை வருமாமே? அது எப்படி வரும்? காட்டு."

துள்ளன் இரண்டு கைகளையும் நீட்டி, எழுப்பி, கவிழ்த்துக் காட்டினான். நன்றாகப் பார்ப்பதற்காக நெடுவாலன் புல்வெளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"இன்னொரு முறை" என்றான்.

துள்ளன் இன்னொரு முறை காட்டினான். பிறகு அவன் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவன் கண் நெடுவாலனின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

நெடுவாலன் திரும்பினான். கோரை பிளந்திருந்தது. அவன் கத்தினான். ஆனால் அந்தக் கத்தலும் புலியின் பாய்ச்சலும் ஒன்றாகவே நிகழ்ந்தன.

மான்கள் சிதறி ஓடின. வெண்குளம்பி ஓடவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் திகைத்து நின்றன. அவற்றை முட்டித் தள்ளிவிட்டுத்தான் அவள் காலெடுத்தாள். புலியின் நகம் அவள் பின்னங்காலில் இறங்கியது. தசை பிய்ந்து வந்தாலும் அவள் உதறிக்கொண்டு குளத்துக்குள் விழுந்தாள். நீந்தி அக்கரை சேர்ந்தாள். ஆழத்தில் இறங்க மனமில்லாமல் புலி உறுமிக்கொண்டே கோரைக்குள் போய்விட்டது.

சேதி கேட்டுத் தடியன் ஓடிவந்தான். வாயில் ஒரு வேர் இருந்தது. அதை மென்று காயத்தில் அப்பினான்.

"இது சரியான வேர்தானா?" என்று வெண்குளம்பி கேட்டாள்.

"தெரியவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும்" என்றான் தடியன்.

காயம் ஆறியது. கால் ஆறவில்லை. அது உள்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது. நடக்கலாம், மெதுவாக ஓடலாம். அதற்கு மேல் முடியாது.

யாரும் நெடுவாலனைத் திட்டவில்லை. அவன் முதுகைத் திருப்பி உட்கார்ந்தது துள்ளனைத் தவிர யாருக்கும் தெரியாது. "புலி தந்திரமானது, எவ்வளவு நேரம்தான் ஒருவன் பார்ப்பான்?" என்று மான்களே ஆறுதல் கூறின. அந்த ஆறுதலைக் கேட்கக் கேட்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில நாள் கழித்துத் துள்ளன் மறுபடி வந்தான்.

"அண்ணா, தலைவரிடம் பேசிவிட்டேன். எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. தூதுக்கு நீ போ. மரத்தில் நான் உட்காருகிறேன். அவரும் சரி என்றுவிட்டார்."

ஏழு கோடை காத்திருந்த வார்த்தை. நெடுவாலன் மரத்தைவிட்டு இறங்கி, அக்கரை மேட்டில் படுத்திருந்த வெண்குளம்பியிடம் போனான்.

"அன்று நான் கடலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். புல்வெளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு" என்றான்.

வெண்குளம்பி அசைபோடுவதை நிறுத்தினாள்.

"எத்தனை நாளாக அப்படி?" என்று கேட்டாள்.

"முழுதாகத் திரும்பியது அன்றுதான். பாதி திரும்பியிருந்தது ரொம்ப நாளாக."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே. அந்தப் பக்கம் நான் ஒரு காதையாவது வைத்திருப்பேன்."

"வெட்கமாக இருந்தது."

"எனக்கு மட்டும் கூட்டத்தின் கடைசியில் வர ஆசையா நெடுவாலா? தினமும் கால் துடிக்கும். இந்தக் குட்டிகளை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடலாமா என்று இருக்கும். நீ மேலே இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் மெதுவாக வந்தேன்."

நெடுவாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூது வேலை கிடைத்திருக்கிறது" என்றான், தரையைப் பார்த்தபடியே.

"போ. போகவேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லாதே. அது இன்னும் வரவில்லை."

"மரத்துக்குத் துள்ளன் வருகிறான்."

"அவனுக்குக் கண் கூர்மைதான். பரவாயில்லை." அவள் வளைந்த காலை மெதுவாக மடக்கி எழுந்து நின்றாள். "புலி வந்தால், கோரையோரத்திலிருந்து இந்த மேட்டுக்கு ஏறித் தப்ப எனக்கு இப்போது எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் போ. பழையபடி கூவினால் எனக்கு நேரம் பற்றாது."

அவள் நடந்து காட்டினாள். நெடுவாலன் பார்த்தான். மூன்று அடிக்கு ஒருமுறை வளைந்த கால் இடறியது. அந்த நடையை வாயால் எப்படிச் சொல்வது, எங்கே புல் அசையும்போது கூவினால் இவள் வந்து சேர்வாள் என்று எப்படி விளக்குவது என்று யோசித்தான். ஏழு கோடை பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும் என்று பட்டது.

அவன் வடக்கே போகவில்லை. மரத்துக்குத் திரும்பி வந்து, "நீயே தூதுக்குப் போ தம்பி. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போ" என்று துள்ளனிடம் சொன்னான்.

"ஏன் அண்ணா? உனக்கு அந்த ஆசையே போய்விட்டதா?"

"போகவில்லை. இருக்கிறது. வேண்டுமானால் பொழுது சாய்ந்து மான்கள் ஒதுங்கியபிறகு வந்து கடலைப் பற்றிச் சொல். கேட்கிறேன்."

மறுநாளும் வேலை அதேதான். கோரை அசைந்தது, காற்று. மறுபடி அசைந்தது, காட்டுக்கோழி. இடுப்பு வலித்தது. வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பகல் முழுக்க அவன் கண் புல்வெளியைவிட்டு நகரவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் புலி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும், அது கோரையின் பாதிதூரம் வருவதற்குள்ளேயே மரத்திலிருந்து குரல் எழுந்தது. இரண்டு முறையும் வெண்குளம்பி நொண்டியபடியே மேடு ஏறிவிட்டாள்.

ஆசைப்பட்ட வேலை கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்த வேலையை அரை மனதோடு செய்தால், அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் நம்மை நம்பி இருப்பவர்களே.