வெட்டிக்கு ஏது கூலி?

அரசர் மழவராயருக்குப் பெரிய குளம் வேண்டும். காசு முடிச்சை அவிழ்க்க மட்டும் மனம் வராது. ஊர்ச்சனங்களைக் கூலியில்லாமல் இழுத்துவந்து வெட்டச் சொல்வதென்று முடிவுகட்டினார். அந்த ஓசி வேலைக்கு அந்நாளில் 'வெட்டி' என்று பெயர். விதைப்புக் காலம் வேறு. சனங்கள் குளத்தில் கிடந்தால் வயல் தரிசாகும், அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அவை விகடன் சாத்தப்பனுக்கு அதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

ராயருக்கும் லேசாக ஓர் உறுத்தல். இரண்டு பண்டிதர்களைக் கூப்பிட்டு, "மனித இயல்பை அலசி, வெட்டி தருமந்தானா என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு பட்டுச் சால்வை தருகிறேன்" என்றார்.

வித்தகனார் செருமினார். "மனிதன் பிறவிச் சோம்பேறி. கூலி கொடுத்தால் கெட்டுப்போவான். வெட்டிதான் அவனைத் திருத்தும்."

தருமசீலர் துள்ளி எழுந்தார். "அபத்தம்! மனிதன் பிறவிக் கொடையாளி. கூலி கொடுப்பது அவன் நல்ல மனதுக்கு அவமானம்!"

உச்சிவேளை வரை இருவரும் குடுமிபிடிச் சண்டை போட்டார்கள். கூலி கூடாது என்பதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

ராயருக்கு வாயெல்லாம் பல். "எழுதுங்கள் ஓலையை. இன்றுமுதல் என் நாட்டில் வெட்டிக்குக் கூலி கிடையாது. சரி, சால்வைகளைக் கொண்டுவாருங்கள்."

"ஐயையோ, அரசே!" சாத்தப்பன் குறுக்கே விழுந்தான். "உங்கள் ஆணையை நீங்களே மீறலாமா?"

"நான் எங்கேயடா மீறினேன்?"

"காலையிலிருந்து இங்கே நடந்தது என்ன பேச்சு? வெட்டிப் பேச்சு. வெட்டிக்குத்தான் கூலி கிடையாதே!"

பண்டிதர்கள் கொதித்துப்போனார்கள். "தொண்டை வறள வாதாடினோமே! வேலை வாங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதா? பகல்கொள்ளை!"

"கேட்டீர்களா, அரசே? மனித இயல்பு ஆராய்ச்சி இப்போதுதான் முடிந்தது" என்றான் சாத்தப்பன். "அதையும் ஓலையில் ஏற்றச் சொல்லுங்கள்."

ராயர் முகம் கறுத்தது. அப்புறம் தொந்தி குலுங்கிற்று. சிரித்து ஓய்ந்தவர் ஓலையைக் கிழித்துப்போட்டு, "அறுப்பு முடியட்டும், கூலி கொடுத்தே வெட்டுவோம். பிழைத்துப் போ!" என்றார். "சரி, இந்தச் சால்வைகளை என்ன செய்ய? இவர்களுக்குச் சும்மா கொடுக்க மனசில்லை."

"சும்மா ஏன் கொடுக்கிறீர்கள், அரசே?" என்றான் சாத்தப்பன். "சும்மாடாகக் கொடுங்கள். குளத்து மண்ணைத் தலையில் சுமக்க ஆள் வேண்டுமே!"